வலையில் வந்த சுறா முட்டையை வீட்டில் வளர்க்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய கொழுந்தனார் நண்டு வலை எடுத்தபோது, கடல்தாழையோடு (கடல்புல்) சேர்ந்து பழுப்பு நிறத்தில், ஓரத்தில் தலைமுடி மாதிரி நாரோடு, தோல் பை மாதிரி ஒன்று வந்திருக்கிறது, 8 சென்டிமீட்டர் நீளம் இருக்குமாம். நாலாம் வகுப்பு படிக்கும் மகன் அதைக் கடல் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, இரவில் செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தால், உள்ளே ஒரு மஞ்சள் உருண்டை, அதோடு ஒட்டிக்கொண்டு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. "மறுநாள் கையில் எடுத்துப் பார்த்தால் அசைவே இல்லை. செத்துவிட்டதா? இது எந்தச் சுறா? வீட்டு மீன் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்க்கலாமா, வளர்ந்தால் கடிக்குமா?" என்று கேட்கிறார்.

முதலில் அவசரமான பதில். பெரும்பாலும் சாகவில்லை. ஆனால் வாளியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு ஆபத்துதான், முடிந்தால் இன்றைக்கே கடலுக்குக் கொண்டுபோங்கள். எப்படி விடுவது என்பதைக் கீழே சொல்கிறேன், அதற்கு முன்னால் உள்ளே இருப்பது என்ன உயிர் என்று தெரிந்தால் உங்கள் பையனுக்கும் அதை விட்டுவர மனம் வரும்.

நீங்கள் சொல்லும் அளவு, முட்டையின் ஓரத்தில் தலைமுடி மாதிரி மெல்லிய நார், வந்த இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது மூங்கில் சுறாவின் முட்டை. நாலு மூலையிலும் சுருள் கொடி இருந்திருந்தால் பூனைச் சுறா என்று சொல்லியிருப்பேன், ஒரு சாண் நீளத்துக்குப் பெரிதாக இருந்திருந்தால் வரிக்குதிரைச் சுறாவாக இருக்கலாம். மூங்கில் சுறா என்று ஏன் பெயர் வந்தது என்பது குட்டியைப் பார்த்தாலே புரியும், உடம்பு முழுக்க மூங்கில் கணு மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பல இனங்களில் அந்தப் பட்டை மங்கிவிடும், அதனால் ஏலக்கூடத்தில் கிடக்கும் சாம்பல் நிறப் பெரிய சுறாவும் இந்தப் பட்டைக் குட்டியும் ஒரே இனம் என்று பலர் நம்பவே மாட்டார்கள்.

இந்தக் குடும்பத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, எல்லாம் இரண்டே பேரினங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று நம் பக்கத்து மூங்கில் சுறாக்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் அதிகம் கிடைப்பவை சாம்பல் மூங்கில் சுறாவும், உடம்பு ஒல்லியாக, சின்னச் சின்னப் புள்ளிகளோடு இருக்கும் இன்னொரு இனமும். இன்னொரு பேரினம் ஆஸ்திரேலியாவின் வடபகுதி, நியூகினி, கிழக்கு இந்தோனேசியா பக்கம் இருக்கிற நடக்கும் சுறாக்கள், ஒன்பது இனம். பேருக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடக்கும். கடல் வற்றும்போது பவளப்பாறைக் குட்டைகளில் மாட்டிக்கொண்டால் மார்புத் துடுப்பையும் இடுப்புத் துடுப்பையும் கால் மாதிரி ஊன்றி அடுத்த குட்டைக்குப் போய்விடும். தோள்பட்டையில் பெரிய கறுப்புப் புள்ளி உள்ள ஓர் இனம், ஆக்சிஜன் அறவே இல்லாத தண்ணீரில் ஒரு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். சுறா என்றாலே டைனோசருக்கு முந்தைய காலம் என்று படித்திருப்போம், ஆனால் இந்த நடக்கும் சுறாக்கள் பிரிந்து வந்தது சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால்தான் என்று 2020இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. சுறாக்களிலேயே இளையவை இவைதான்.

சரி, உங்கள் முட்டைக்கு வருவோம். தாய் ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும், இட்டதும் போய்விடும், அடைகாப்பதெல்லாம் கிடையாது. அந்த நார்தான் முட்டையைத் தாழையிலோ கடலடிப் பாறையிலோ சிக்கவைத்துப் பிடித்துக்கொள்கிறது, நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போகாமல். குஞ்சு வெளியே வர மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை ஆகும், தண்ணீரின் சூட்டைப் பொறுத்து மாறும். ஆரம்பத்தில் பை முழுக்க மூடியே இருக்கும், உள்ளே கூழ் மாதிரி ஒரு திரவம். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஓரங்களில் மெல்லிய பிளவுகள் திறக்கும், அப்போதிலிருந்து குஞ்சு வாலை ஆட்டி ஆட்டிக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். உங்கள் பையன் டார்ச்சில் பார்த்த வாலாட்டம் அதுதான், அது மூச்சு விடுவதற்கான வேலை.

அப்படியானால் ஏன் நின்றது? 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதே குடும்பத்தில் பழுப்புப் பட்டை மூங்கில் சுறாவின் முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். வேட்டையாட வரும் மீனின் உடம்பிலிருந்து வருவது போன்ற மெல்லிய மின்புலத்தை முட்டைக்குப் பக்கத்தில் உண்டாக்கியதும், வெளியே வரும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகள் வாலைச் சுருட்டிக்கொண்டு, செவுள் அசைவைக்கூட நிறுத்திவிட்டன. ஓடி ஒளிய வழியில்லாத இடத்தில் அது செய்யக்கூடியது அது ஒன்றுதான். உங்கள் கையிலும் அது பயந்து அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வாளியை நிழலில் வைத்து, அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகாமல் இருந்துவிட்டு, வெளியே எடுக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் உருண்டை உருண்டையாகவே இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சள் கலங்கி பை முழுக்கப் பரவி, முடை நாற்றம் அடித்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று முக்கியம், கையில் எடுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பிளவு திறந்த முட்டையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் உள்ளே காற்று புகுந்து குமிழியாகத் தங்கிவிடும், குலுக்கினால் மஞ்சள் கரு உடையலாம்.

மீன் தொட்டி வேண்டவே வேண்டாம். நீங்கள் நன்னீர்த் தொட்டியைச் சொல்கிறீர்களா கடல்நீர்த் தொட்டியா என்று எழுதவில்லை. நன்னீர் என்றால் அதில் போட்டதும் சாவுதான், ஏனென்றால் சுறாவின் உடம்பில் யூரியா நிறைய இருக்கும், அது கடல் தண்ணீரின் உப்போடு சமன் ஆகும்படி அமைந்தது, நன்னீரில் தண்ணீர் உடம்புக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். கடல்நீர்த் தொட்டி என்றாலும் சாம்பல் மூங்கில் சுறா இரண்டரை அடி வரை வளரும், படுக்க மணல் தரையும் பகலில் ஒளிந்துகொள்ள இடுக்கும் வேண்டும், ஆயிரம் லிட்டருக்குக் குறைந்த தொட்டி போதாது. மற்ற மீன்களுக்கு நோய் வந்தால் ஊற்றுகிற செம்பு கலந்த மருந்து சுறாவைக் கொன்றுவிடும். சூடும் பெரிய பிரச்சினை. நடக்கும் சுறா முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்த ஆய்வில் 27 டிகிரியில் சுமார் 125 நாள் எடுத்தவை 31 டிகிரியில் 100 நாளிலேயே வெளியே வந்துவிட்டன, வந்தவை சோர்ந்துபோய் இருந்தன. வெயில் காலத்தில் உங்கள் வாளித் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடிக்குமா என்றால், பயப்படும்படி எதுவுமில்லை. பல் சின்னச் சின்னதாக இருக்கும், இரவில் மணலைத் துழாவி இறால், நண்டு, புழு, சின்ன மீன் தின்னும். அந்தப் பல்லில் ஓர் அழகு இருக்கிறது. மென்மையான இரையைக் கவ்வும்போது கூர்மை நிமிர்ந்து நிற்கும், நண்டு ஓடு மாதிரிக் கெட்டியானது வந்தால் பற்கள் உள்பக்கமாக மடங்கி, தட்டையான அம்மி மாதிரி ஆகி நொறுக்கும்.

இப்போது விடுவது எப்படி. கொழுந்தனாரிடம் அந்த வலை எந்த இடத்தில் போட்டது என்று கேளுங்கள், அதே தாழைப் பரப்புதான் சரியான இடம். சாயங்காலம் வெயில் தணிந்ததும், வாளித் தண்ணீரில் கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சூட்டைச் சமமாக்கிவிட்டு, முட்டையை வாளியோடு தண்ணீருக்குள் இறக்கி அங்கேயே வெளியே எடுங்கள். நார் அறுந்து போயிருந்தால் ஒரு சின்னக் கல்லில் தேங்காய் நாரால் தளர்வாகக் கட்டி, பிளவுகள் மறையாதபடி தாழைக்குள் வைத்துவிடலாம். நைலான் நூல் வேண்டாம். கரையில் தூக்கிப் போட்டால் அலை திரும்ப ஒதுக்கிவிடும், குறைந்தது இரண்டு பாகம் (சுமார் 12 அடி) ஆழத்துக்கு வள்ளத்தில் போக வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் போய் விட வேண்டாம். உங்களால் கடலுக்குள் போக முடியாது என்றால் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

கொழுந்தனாருக்கும் ஒரு வேண்டுகோள். நண்டு வலையில் வரும் முட்டையைக் கரைவரைக்கும் கொண்டுவராமல், அந்த இடத்திலேயே நாரோடு சேர்த்துத் தாழையை அறுத்து இறக்கிவிட்டால் போதும். மூங்கில் சுறா படுத்த இடத்திலேயே வாயால் தண்ணீரை இழுத்து மூச்சு விடக்கூடியது, அதனால் வலையில் உயிரோடு வரும் குட்டியும் திரும்ப விட்டால் பிழைத்துக்கொள்ளும். சாம்பல் மூங்கில் சுறா இப்போது உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக இருக்கிறது, முட்டை இடும் தாழையை இழுவை மடி (கடலடியை அரித்து இழுக்கும் வலை) அரித்துக்கொண்டு போவதும் அதற்கு ஒரு காரணம்.

பையனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கடற்கரையில் ஒதுங்கும் காலிக் கூடுகள், காய்ந்து கறுத்து ஒரு முனை திறந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அவற்றைச் சேர்த்து அளந்து, எந்தத் தேதி எந்தக் கரை என்று நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். காய்ந்தவை சுருங்கியிருக்கும், ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அளந்தால் சரியான அளவு வரும்.