'ஓகே' என்ற பதிலுக்கே வயிறு கலங்குகிறது

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 29. மேனேஜர் வாட்ஸ்அப்பில் வெறும் 'ஓகே' என்று போட்டாலே என்ன தப்பு செய்தோமோ என்று அன்று முழுக்க வேலை ஓடாது. போன மாதம் ஆர்டர் கொடுத்த பையர், அளவு பார்க்க நாங்கள் அனுப்பிய மாதிரி உடையை (ஃபிட் சாம்பிள்) திருப்பி அனுப்பியபோது எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். பக்கத்து சீட் அண்ணா திட்டு வாங்கினாலும் அசைவதே இல்லை. நான் மட்டும் ஏன் இப்படி?

பதில்: அந்த அண்ணாவிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் அவர் ரகம். முதல் வேலையில் மேலதிகாரி என்னைக் கடிந்துகொண்டபோது முகம் மாறாமல் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாலையில் பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணும்போதுதான் விரல் நடுங்குவது தெரிந்தது.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளைக் கவனித்தார். அம்மா சற்று நேரம் அறையைவிட்டுப் போய்த் திரும்பியதும் சில குழந்தைகள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டு சமாதானமாயின. சில, இறுகப் பிடித்துக்கொண்டும் அழுகையை நிறுத்தவில்லை. வேறு சில, அம்மாவைத் திரும்பியே பார்க்காமல் பொம்மையோடு இருந்தன. 1977-இல் வேறு இரு ஆய்வாளர்கள் எழுதியது என்னை உலுக்கியது: அப்படி அமைதியாகத் தெரிந்த குழந்தைகளுக்கும் இதயத் துடிப்பு ஏறியிருந்தது.

பெரியவர்களின் வேலையிலும் இதே சாயல் உண்டு என்று ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் 1990-இல் எழுதினார்கள். 'நம்மை விட்டுவிடுவார்களோ' என்ற பயம் உள்ளவர்கள், வேலையில் பாராட்டு கிடைக்குமா என்றே தவிக்கிறார்கள். ஒதுங்கிப் பழகியவர்கள் மனிதர்களைத் தவிர்க்க வேலைக்குள் புகுந்துகொள்கிறார்கள். உங்கள் அழுகையும் அந்த அண்ணாவின் மௌனமும் எப்போதோ பழகிக்கொண்டவை. பழகியது மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? 'ஓகே' வந்ததும் "சார், என் மேல கோபமா?" என்று கேட்காதீர்கள். "சார், காலர் அளவை மாத்தணுமா, இதே போதுமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்விக்குப் பதில் வரும். ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் மேனேஜரிடமும் குறை இருக்கிறது, எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அப்புறம், டீ நேரத்தில் அந்த அண்ணாவிடம் கேளுங்கள்: "திட்டு வாங்கினா உங்களுக்கும் கஷ்டமா இருக்குமாண்ணா?" உடனே பதில் வராது. கப் காலியாகும்வரை உட்கார்ந்திருங்கள்.