அப்பாவின் மறதிக்கு மெலடோனின் கொடுக்கலாமா?

மறதிக்காக என்றால் வேண்டாம். தூக்கத்தைத் தூண்ட உடலே சுரக்கும் ஹார்மோன்தான் மெலடோனின். அது நரம்பணுக்களைக் காக்கும் என்று நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து செல்களிலும் எலிகளிலும் கண்டது. அங்கே அது செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குகிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் ஞாபகசக்தி தெளிவாகக் கூடவில்லை.

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் பல வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவர், இப்போதும் ராத்திரி 2 மணி வரை போன் பார்க்கிறார் என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். இருட்டில்தான் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். கண்ணில் விழும் வெளிச்சம் அதை அடக்கிவிடும். வயதானால் சுரப்பும் குறையும். தூக்கம் கெட்டாலே ஞாபகம் தடுமாறும்.

இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். 9 மணிக்கு மேல் போனும் டியூப்லைட்டும் வேண்டாம். காலை 6.30க்கு வேலூர் கோட்டை அகழி ஓரமாக அரை மணி நேரம் நடக்கட்டும். நம்மூர் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். எத்தனை மணிக்குத் தூங்கினார், எழுந்தார் என்று எழுதி வையுங்கள். அப்புறம், சளிக்கோ அரிப்புக்கோ தூக்கம் வரவைக்கும் மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள். வயதானவர்களுக்கு அதுவே குழப்பத்தைத் தரும்.

இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவரானால் டாக்டரைக் கேட்காமல் மெலடோனின் கொடுக்கவே கூடாது. இரத்தக் கசிவு கூடலாம். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனையோடு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று பேச்சு குழறினாலோ வாய் கோணினாலோ அன்றைக்கே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.