கணவரின் போனில் எந்தச் செயலியைப் போட்டுக் கொடுப்பது?

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் 9 ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அதில் ஓராண்டு ஆப்கானிஸ்தானில். இப்போது சரியாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. போன வாரம், "நான் இல்லைன்னா நீங்க எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க" என்றார். டாக்டரிடம் வர மறுக்கிறார், ஆனால் போன் எப்போதும் கையில்தான். தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கு உதவும் செயலிகள் இருக்கின்றனவாம். எதைப் போட்டுக் கொடுக்கட்டும்?

பதில்: செயலியைப் பிறகு பார்ப்போம். அவர் சொன்ன வார்த்தையைக் கேட்டும் கேட்காதது போல விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "ஏங்க, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "ஆமாம்" என்று பதில் வந்தால் அறிவுரை வேண்டாம், வாதம் வேண்டாம். அவர் பேசுவதைக் கேளுங்கள். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும். 838255-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். நீங்களே கூப்பிட்டும் பேசலாம், அவர் வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இப்போதே ஆபத்து என்று தோன்றினால் 911-ஐக் கூப்பிடுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

சரி, செயலிக்கு வருவோம். நான் முதலில் சொல்வது வி.ஏ.வின் 'சேஃப்டி பிளான்'. இதன் அடிப்படை பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரு உளவியல் அறிஞர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம். அந்த எண்ணம் தலைதூக்கும்போது மூளை ஒரே பக்கமாகக் குறுகிவிடுகிறது. யாரைக் கூப்பிடுவது, என்ன செய்வது என்று எதுவும் நினைவுக்கு வராது. ஆனால் அந்த உச்ச வேகம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தைத் தாண்ட என்ன செய்வது என்று, மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வதுதான் திட்டம்.

எழுதுவது அவருடைய சொற்களில் இருக்க வேண்டும். முதலில் எச்சரிக்கை அறிகுறிகள். 'மன அழுத்தம்' என்று எழுதினால் பயனில்லை. 'ராத்திரி 2 மணிக்கு எழுந்து கராஜில் போய் உட்காருவேன்' என்று எழுதினால் பயன் உண்டு. அப்புறம், தனியாகச் செய்து மனதை மாற்றக்கூடியவை. அடுத்து, போய் உட்கார்ந்தாலே மனம் திரும்பும் இடங்களும் ஆட்களும். பிறகு, உண்மையைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள். கூட இருந்த ஒரு சிப்பாயின் பெயர் இங்கே பெரும்பாலும் வரும். அதன்பின் மருத்துவர், நெருக்கடி எண். கடைசியாக, வீட்டைப் பாதுகாப்பாக்குவது.

இந்தக் கடைசிப் படியைத்தான் குடும்பங்கள் தட்டிக்கழிக்கின்றன. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் தற்கொலைகளில் 10-க்கு 7-க்கு மேல் துப்பாக்கி சம்பந்தப்பட்டவை. வீட்டில் துப்பாக்கி இருந்தால், கொஞ்ச காலத்துக்கு அவர் நம்பும் ஒருவரிடம் சட்டப்படி ஒப்படைக்க முடியுமா என்று பேசுங்கள். இல்லையென்றால் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வையுங்கள். பூட்டுகளை வி.ஏ. இலவசமாகவே தருகிறது. "பிடுங்கிக்கொள்கிறேன்" என்ற தொனியில் பேசினால் சண்டைதான் வரும். "கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைப்போங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

இந்தத் திட்டம் பலன் தருகிறதா? வி.ஏ. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், திட்டம் எழுதிக் கொடுத்து, வீடு திரும்பியவர்களைப் போனில் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த 6 மாதங்களில் தற்கொலை நடத்தைகள் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன. அதில் போன் செய்து விசாரித்த மனிதக் குரலுக்கும் பங்கு உண்டு. அதனால்தான், செயலியை இறக்கிக் கையில் கொடுத்துவிட்டு விலகிவிடாதீர்கள் என்கிறேன். உங்களோடோ மருத்துவரோடோ சேர்ந்து அவர் அதை நிரப்ப வேண்டும். நிரப்பியதை ஒரு தாளிலும் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். போன் தொலையலாம், சார்ஜ் தீரலாம்.

அடுத்தது 'வர்ச்சுவல் ஹோப் பாக்ஸ்'. பிடித்த படங்கள், குரல்பதிவுகள், மூச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். 118 முன்னாள் படைவீரர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், கெட்ட எண்ணங்களைச் சமாளிக்க முடியும் என்ற தைரியம் கூடியது; ஆனால் தற்கொலை எண்ணத்தின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இது துணைக்கு மட்டும். மகளின் குரலைப் போனிலேயே பதிந்து வைத்தாலும் இந்த வேலையின் ஒரு பகுதி நடந்துவிடும்.

தூக்கமின்மையும் பழைய நினைவுகளும் படுத்துகின்றன என்றால் 2011 முதல் இருக்கும் 'பி.டி.எஸ்.டி. கோச்' (பி.டி.எஸ்.டி. என்றால் பெரிய அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனப் பாதிப்பு). இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. "ராணுவத்துக்குத் தெரிந்துவிடுமோ" என்று தயங்குகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கு மேல் வேண்டாம்.

டாக்டரிடம் வர மறுக்கிறார் என்கிறீர்கள். அதற்கென்றே வி.ஏ.வில் 'கோச்சிங் இன்டு கேர்' என்ற குடும்பத்தாருக்கான சேவை இருக்கிறது: 888-823-7458. அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்; 2023 ஜனவரியிலிருந்து, தற்கொலை நெருக்கடியில் இருக்கும் தகுதியுள்ள முன்னாள் படைவீரர்களுக்கு எந்த மருத்துவமனையிலும் அவசர சிகிச்சைச் செலவை வி.ஏ. ஏற்கிறது.

இதைத் தமிழ்நாட்டில் படிக்கும் முன்னாள் ராணுவக் குடும்பங்களுக்கு: இந்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.