செருப்பைக் கழற்றச் சொல்லும் ஜப்பானிய வாக்கியம்: கேள்வி பதில்

இன்றைய வாக்கியம்: "கெங்கன் தெ குட்ஸு ஒ நுயிதெ குதசாய்." வாசலில் காலணியைக் கழற்றுங்கள் என்று பொருள். கேளுங்கள்.

கேள்வி: அக்கா, சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுங்களேன்.

பதில்: கெங்கன் வாசல், தெ நம் 'இல்', குட்ஸு காலணி, ஒ நம் 'ஐ', நுயிதெ 'கழற்றி', குதசாய் 'தாருங்கள்'. வாசலில் காலணியைக் கழற்றித் தாருங்கள்! ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ஆங்கிலம் வழியாகப் போனால் எல்லாவற்றையும் கவிழ்த்து மறுபடி நிமிர்த்த வேண்டும்.

கேள்வி: கெங்கன் என்றால் வாசற்கதவா?

பதில்: இல்லை, கதவைத் திறந்ததும் தாழ்வாக இருக்கும் தரை. செருப்பு அங்கேயே நின்றுவிடும். ஒரு படி ஏறினால்தான் வீடு. அதனால் வீட்டுக்காரர் 'அகத்தெ குதசாய்', ஏறி வாங்க, என்பார். கெங்கன் ஜென் மடங்களிலிருந்து வந்த சொல். இதன் இரண்டாவது காஞ்சியை (சீனத்திலிருந்து வந்த எழுத்து) சுற்றி இரட்டைக் கதவு வரைந்த மாதிரி இருக்கும். கன்சாய் என்ற வட்டாரப் பெயரிலும் அதே எழுத்துதான், அங்கே அதற்குச் சாவடி என்று பொருள்: சாவடிக்கு மேற்கே.

கேள்வி: குட்ஸுவின் காஞ்சிக்கு 13 கோடுகள்! எப்படி நினைவில் வைப்பது?

பதில்: இடப்பக்கம் தோல், வலப்பக்கம் மாற்றம். தோல் மாறிக் காலணியானது. வலப்பக்கம் உண்மையில் 'கா' என்ற ஒலிக்காக வந்தது. இருந்தாலும் மனப்பாடத்துக்கு என் கதையே போதும். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கே இது பாடத்தில் இல்லை, பயப்படாதீர்கள். இதோடு 'கீழ்' என்ற காஞ்சியைச் சேர்த்தால் குட்ஸுஷிதா. காலணிக்கு அடியில் போடுவது, அதாவது காலுறை.

கேள்வி: கெங்கன் 'நி' என்று எழுதினேன், தப்பு என்கிறார்கள்.

பதில்: நமக்கு இரண்டுமே 'இல்' என்பதால் வரும் வினை. நானும் மாதக்கணக்கில் தடுமாறினேன். காரியம் நடக்கும் இடத்துக்கு தெ, பொருள் கிடக்கும் இடத்துக்கு நி. கெங்கன் தெ கழற்றுகிறோம். கழற்றியது கெங்கன் நி கிடக்கிறது.

கேள்வி: சட்டையைக் கழற்றவும் இதே வினையா?

பதில்: ஆமாம், நுகு. நுயிதெயின் அகராதி வடிவம் அது. தொப்பிக்கும் அதுவே. போடுவதற்குத்தான் தொல்லை: காலணிக்கு ஹகு, சட்டைக்கு கிரு, தொப்பிக்கு கபுரு.

கேள்வி: கழற்றியபின்?

பதில்: உள்ளே பார்த்தபடி ஏறுங்கள். பிறகு குனிந்து, முனை கதவைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். உள்ளே ஸ்லிப்பர் தருவார்கள், தத்தாமி (வைக்கோல் பாய்) விரித்த அறைக்குள் அதுவும் கூடாது. 'ஸுரிப்பா' என்ற சொல்லை நான் கற்றது அப்படி நுழைந்து, ஒரு பாட்டி பதறிக் கத்தியபோது.