தோற்றால் கத்துகிற நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன விளையாட்டு?

யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகனுக்கு நாலேகால் வயது. முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் சாமானைப் பறிக்கிறான். தோற்றால் எல்லாவற்றையும் தட்டிக் கொட்டிவிட்டுக் கத்துகிறான். அங்கே அரைவாசி நேரம் விளையாட்டுத்தான். எழுத்துப் பழக்குகிற இடத்துக்கு மாற்றினால் அடங்குவானா?

மாற்றாதீர்கள். காத்திருக்கவும் தோல்வியைத் தாங்கவும் கொப்பியில் ‘அ’ எழுதிப் பழக முடியாது. இன்னொரு பிள்ளையோடு விளையாடும்போதுதான் அதற்குப் பயிற்சி கிடைக்கும். தரம் 1இல் பின்தங்கிவிடுவான் என்றும் பயப்பட வேண்டாம். இலங்கையில் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தமே தரம் 1, 2இல் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்குத்தான் முதலிடம் கொடுத்தது. இருந்து எழுதுகிற வேலைக்கு மிகக் குறைந்த இடமே கொடுத்தது.

நாலு வயது ஒரு இடைப்பட்ட பருவம். பக்கத்தில் இருந்து தன்பாட்டில் விளையாடிய பிள்ளை, ஆளுக்கொரு வேலை பிரித்துச் சேர்ந்து விளையாடத் தொடங்கும் காலம் இது. இந்தப் படிகளை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே விவரித்திருக்கிறார். பறிக்கிற பிள்ளைகளில் பலருக்கு விளையாட்டுக்குள் நுழையும் வழி தெரிவதில்லை. “சேர்ந்து விளையாடு” என்றால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு வேலை கொடுங்கள்.

அதற்குச் சந்தை விளையாட்டு நல்லது. திருநெல்வேலிச் சந்தையை அவன் பார்த்திருப்பான். ஒரு பனையோலைப் பெட்டி, நாலைந்து மரக்கறி, காசுக்குப் புளியங்கொட்டை. குன்றிமணி வேண்டாம், அது நஞ்சு. வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் புளியங்கொட்டையும் தொண்டையில் சிக்கும். காசுக்குக் கடதாசி மட்டையை வெட்டுங்கள். ஒரே அளவான இரண்டு சிரட்டையில் மும்மூன்று துளை போட்டு நூல் கட்டி, ஒரு அடித் தடியின் இரு முனையிலும் தொங்கவிட்டு, தடியின் நடுவில் ஒரு பிடிநூல் கட்டினால் தராசு தயார்.

தராசு ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில்தான் விசயமே இருக்கிறது. விற்கிறவர் கையில் தராசு. ஒரு ஆள் வாங்கிப் போனதும் முறை மாறும். நாலைந்து நாளில், மூன்று தரம் வாங்கிய பிறகுதான் முறை மாறும் என்று கூட்டுங்கள். “அஞ்சு நிமிசம் பொறு” என்பது நாலு வயதுக்குப் பிடிபடாது. “இன்னும் ரெண்டு தரம் வாங்கட்டும், பிறகு உன்ர முறை” என்றால் எண்ணிக்கொண்டு நிற்பான். தொடக்கத்தில் அவனும் இன்னொரு பிள்ளையும் நீங்களும் போதும். நாலாவது ஆள் வந்தால் காத்திருப்பு நீண்டு குழப்பம் தொடங்கும். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு 15 நிமிடம் நல்லது. முன்பள்ளியால் வந்த கையோடு, பசியோடும் களைப்போடும் வேண்டாம். நடுவில் “இது என்ன நிறம், எத்தனை கத்தரிக்காய்?” என்று சோதிக்காதீர்கள். அந்த இடத்திலேயே விளையாட்டு செத்துவிடும்.

பறித்தால் அவன் உயரத்துக்குக் குந்தியிருந்து, தராசில் உங்கள் கையையும் வையுங்கள். “உனக்கு இப்பவே வேணும் போல இருக்கு. அண்ணா வைச்சிருந்தவர், அவருக்குக் கோவம் வந்திட்டுது. அவர் முடிக்க உன்ர முறை.” இவ்வளவும் போதும். தராசை மற்றவனிடம் திருப்பிக் கொடுத்து, சொன்னபடி முறை வந்ததும் இவனிடம் தவறாமல் கொடுங்கள். ஒருமுறை ஏமாந்தால் அடுத்த முறை பறிக்கத்தான் செய்வான். “மன்னிப்புக் கேள்” என்று அமத்த வேண்டாம்; கோபம் ஆறியதும், சரிந்த பெட்டியை அடுக்க உதவச் சொல்லுங்கள். “பிள்ளை அழுறான், குடுத்துவிடு” என்று அம்மம்மா உள்ளே இருந்து சொல்லிவிட்டால் அன்றைய பயிற்சி வீண். வீட்டில் எல்லோரிடமும் முதலே பேசிவையுங்கள்.

தோல்விக்கு வேறு பயிற்சி. கடையில் வாங்கும் பாம்பும் ஏணியும் 100 கட்டம். இந்த வயதுக்கு மிக நீளம். நிலத்தில் சோக்கால் 20 கட்டம் கீறி, ஒரு பாம்பும் ஒரு ஏணியும் போடுங்கள். ஆட்டம் சில நிமிடத்தில் முடியும், அடுத்ததில் வெல்ல வாய்ப்பும் வரும். உங்கள் காய் பாம்பில் விழும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: “சே, கீழ போயிட்டன். கவலையாத்தான் கிடக்கு. ஒரு மூச்சு விட்டிட்டுத் திருப்பி உருட்டுறன்.” இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிற பிள்ளைக்கு, தனக்குக் கவலை வரும்போது சொல்ல வார்த்தை இருக்கும். மூன்று ஆட்டத்தோடு நிறுத்துங்கள். அவன் வெல்வதற்காக ஒவ்வொரு முறையும் அளாப்பி விட்டுக்கொடுப்பது பாசம்தான், ஆனால் முன்பள்ளியில் யாரும் அப்படி விடமாட்டார்கள். அங்கே விழும் அடி பெரிதாக இருக்கும். தட்டிக் கொட்டினால் ஆட்டம் அன்றைக்கு முடிந்தது. ஏச்சும் வேண்டாம், “ஆம்பிளைப் பிள்ளை அழுறதோ” என்ற பேச்சும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், ஆறியதும் சேர்ந்து பொறுக்குங்கள்.

ரீச்சரிடம் “இன்றைக்கும் அடிச்சவனோ?” என்று கேட்காமல், எந்தச் சாமானுக்கு, எந்த நேரத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கேட்டு இரண்டு கிழமை குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒரே சாமானும் ஒரே நேரமும்தான் திரும்ப வரும். அந்த நேரத்தில் அதே சாமானில் இன்னொன்று வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, பாவனை விளையாட்டே இல்லாமை, பேசிய சொற்கள் மறைந்து போதல், தன்னையோ மற்றவர்களையோ அடிக்கடி காயப்படுத்துதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் விளையாட்டோடு காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சிறுவர் வைத்தியரிடமோ காட்டுங்கள்.