அடிபட்டவர் உயிரோடு இருக்கும்போது ‘ரத்தப் பணம்’ எதற்கு?

கேள்வி: என் தம்பி ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். போன மாதம் இரவில், நடுத்தடுப்பைத் தாண்டிக் குறுக்கே ஓடிவந்த ஒருவர் மீது வண்டி மோதிவிட்டது. அவருக்குக் கால் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. தம்பி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. போலீஸ் அரபியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துவிட்டார்களாம். இரண்டு லட்சம் திர்ஹாம் ரத்தப் பணம் கட்ட வேண்டும் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். இங்கே ஒரு ஏஜென்ட், பத்து லட்சம் ரூபாய் கொடுத்தால் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நிலத்தை அடமானம் வைக்கலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வைக்காதீர்கள். ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அமீரகத்தில் ‘தியா’ எனப்படும் ரத்தப் பணம், விபத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளுக்குத் தரப்படுவது. அந்தத் தொகைதான் 2,00,000 திர்ஹாம், நம் பணத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேல். அடிபட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காயத்துக்கான இழப்பீடு வேறு கணக்கு. மருத்துவ அறிக்கையை வைத்து, நிரந்தர ஊனம் எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்வார்கள். அதுவும் உங்கள் தம்பியின் சட்டைப் பையிலிருந்து போக வேண்டியதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் அங்கே வண்டியைப் பதிவு செய்யவே முடியாது. இழப்பீட்டைத் தர வேண்டியது அந்தக் காப்பீட்டு நிறுவனம்.

ஆனால் இரண்டு கேள்விகளுக்கு நேர்மையான பதில் வேண்டும். தம்பி குடித்திருந்தாரா? அந்த வகை வண்டிக்கான அமீரக லைசென்ஸ் கையில் இருந்ததா? குடியிருப்பு விசாவில் இருப்பவருக்குக் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. கொடுத்த லைசென்ஸ் அங்கே செல்லாது. இந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றால், அடிபட்டவருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் பிறகு ஓட்டியவரிடமே அதைக் கேட்க முடியும். கம்பெனிக்காரர்கள் பயமுறுத்துவதற்குப் பின்னால் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தம்பியிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி, தவறு யாருடையது என்ற விஷயம். நம்மூரில் தொப்பூர் கணவாயில் மோதினாலும் சரி, ஊர்ச் சந்தியில் மோதினாலும் சரி, ‘பெரிய வண்டிக்காரன் மேலதான் தப்பு’ என்று கூடி நிற்கிறவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அங்கே அப்படியில்லை. போலீஸ் வந்து இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கைதான் அடித்தளம். அதன் பிறகு, விசாரித்து வழக்குத் தொடரும் போக்குவரத்து அரசு வழக்குத் துறை, நீதிமன்றம். கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் 400 திர்ஹாம் அபராதம் என்பது முன்பே உண்டு. 2025 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ள புதிய போக்குவரத்துச் சட்டம், அப்படிக் கடந்து விபத்து நேர்ந்தால் கடந்தவருக்கே சிறையும் 5,000 முதல் 10,000 திர்ஹாம் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்றும் விதிக்கிறது. அதற்காக ஓட்டியவர் தானாகத் தப்பிவிடுவதில்லை. வேகம் எவ்வளவு, கவனித்திருந்தால் நிறுத்தியிருக்க முடியுமா என்று பார்த்து, தவறை இருவருக்கும் பங்கு பிரிப்பதும் உண்டு. தம்பியின் பங்கு குறைந்தால் தண்டனையும் இழப்பீடும் குறைய வழியுண்டு.

தம்பி ஓடாமல் நின்றது பெரிய விஷயம். இங்கே கூட்டம் அடித்துவிடும் என்று பயந்து ஓட்டுநர் அடுத்த ஸ்டேஷனில் போய்ச் சரணடைவது வழக்கம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அடிபட்டவருக்கு உதவ முடியாமல் போவதை ஒரு காரணமாக ஏற்கிறது. அமீரகத்தில் ஆளை அடித்துவிட்டு ஓடுவது தனிக் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 1,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று.

அந்த அரபித் தாள்தான் எனக்குக் கவலை. வேகமாக வந்ததாகவோ கவனிக்கவில்லை என்றோ அவர் ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருந்தால் வழக்கே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதன் நகலை வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரசு வழக்குத் துறை விசாரிக்கும்போது, அரபி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்தாக வேண்டும். ‘எனக்குப் புரிகிறது’ என்று மரியாதைக்காகத் தலையாட்டிவிடக் கூடாது. சாலைக் கேமரா பதிவு இருந்தால் அதைப் பார்க்கும்படி அங்கேயே வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். போலீஸோ வழக்குத் துறையோ ஜாமீனுக்காக வாங்கியிருந்தால் அது நடைமுறைதான், வழக்கு முடியும்போது கிடைக்கும். ‘போலீஸ் வாங்கிவிட்டது’ என்று சொல்லிக் கம்பெனியே பூட்டி வைத்திருந்தால் அது சட்டவிரோதம்.

ஷார்ஜா, துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. அதன் உதவி மையத்தைத் தம்பி அங்கிருந்து 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். நீங்கள் இங்கிருந்து வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் புகார் பதியலாம். கணினி கைவராது என்றால், திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். அயலகத் தமிழர் நலத்துறைக்கு அனுப்பி வைக்கும்படி அதிலேயே எழுதிவிடுங்கள். தம்பியின் பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் நகல்கள், வழக்கு எண், வண்டியின் காப்பீட்டுத் தாள் ஆகியவற்றை மனுவோடு இணைத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.