கடலூர்ல ஏழை வீட்டுப் பிள்ளைங்க ஃபுட்பால நம்பி மேல வர முடியுமா?

வரலாம்ங்க, ஆனா டிவில பாக்குற கோடிக்கணக்கு சம்பளம்லாம் இல்ல. நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன எடுத்துக்கோங்க, இந்தியா டீமுக்கு ஆடினாங்க, தமிழ்நாடு போலீஸ்ல எஸ்ஐ ஆனாங்க, இங்க நெறைய வீட்ல அந்த கவர்மெண்ட் வேலைதான் உண்மையான கனவே. 2018ல தமிழ்நாடு பொண்ணுங்க ஃபைனல்ல மணிப்பூரயே அடிச்சு நேஷனல் சாம்பியன் ஆனாங்க (மணிப்பூர ஜெயிக்கிறதுலாம் சும்மா இல்ல).

ஃபுட்பாலுக்கு செலவு கம்மினு சொல்றது பாதி பொய். ஒரு பந்து இருந்தா இருவது பேர் ஆடலாம் சரி, ஆனா பூட்ஸ், முட்டை, பால், மேட்சுக்குப் போக பஸ் காசுனு போயிட்டே இருக்கும், ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேற, போட் கரையில நிக்கும்போது மீனவர் வீட்ல பூட்ஸுக்கு எங்க போவாங்க சொல்லுங்க. அதனால எஸ்டிஏடி (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) நடத்துற ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு அனுப்புங்க, தங்குறது சாப்பாடு கோச்சிங் பாத்துக்குவாங்க, படிப்பும் நிக்காது.

அப்புறம் ஐரோப்பா கிளப்ல சேத்துவிடுறேன்னு எவனாச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க, 18 வயசுக்குக் கீழ வெளிநாட்டு கிளப்புக்கு மாறுறத சில விதிவிலக்கு தவிர உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவே அனுமதிக்காது.